முறுக்கு நமத்துப்போனால் அதில் வேதியியல் உண்டா?

ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் புத்தகத்தில், உணவு கெட்டுப்போவது வேதியியல் மாற்றத்துக்கு உதாரணமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மகள் விடவில்லை. "மூடியைச் சரியாகப் போடாமல் முறுக்கு நமத்துப்போனால் அதையும்தானே கெட்டுப்போச்சு என்கிறோம், அதில் என்ன வேதியியல் நடந்தது?" என்று கேட்கிறாளாம். புத்தகம் சொல்வது சரியா, இல்லை மகள் சொல்வது சரியா?

தேர்வில் வேதியியல் மாற்றம் என்றே எழுதட்டும். மதிப்பெண் கிடைக்கும், பதிலும் பெரும்பாலும் சரி. ஆனால் மகளின் கேள்வி புத்தகத்தின் அந்த ஒற்றை வரியைவிட ஆழமானது. இருபது வருடத்துக்கு மேல் எண்ணெயும் மாவும் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

சிக்கல் "கெட்டுப்போதல்" என்ற சொல்லில் இருக்கிறது. அது சமையலறைச் சொல். இனி இதை வாயில் வைக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். வேதியியலில் கேட்பதோ ஒரே ஒரு கேள்வி: புதிதாக ஒரு பொருள் உண்டானதா? உண்டாகியிருந்தால் வேதியியல் மாற்றம். இருந்த மூலக்கூறுகளே இடம் மாறி, ஈரம் ஏறி, உறைந்து, உருகி, உடைந்து கிடந்தால் அது இயற்பியல் மாற்றம். இலங்கைப் புத்தகங்களில் பௌதிக மாற்றம் என்பார்கள்.

நம் வீட்டுப் பேச்சு இந்தப் பிரிவினையை எப்போதோ செய்து வைத்திருக்கிறது. அப்பளம் நமத்துப்போகும். சாம்பார் ஊசிப்போகும். பால் திரிந்துபோகும். மாவு புளித்துப்போகும். தக்காளி அழுகும், ஊறுகாயில் பூசணம் பூக்கும், எண்ணெயில் சிக்கு வாடை வரும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை யாரும் போடுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் நடப்பது வேறு. இந்த வரிசையில் நமத்துப்போவது மட்டும்தான் சுத்தமான இயற்பியல் மாற்றம்.

அந்த முறுக்கு டப்பாவையே எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் வேகும்போது மாவில் இருந்த தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் ஆவியாகிப் போய்விடுகிறது. சடசடவென்று எழும் குமிழிகள் அந்த ஆவிதான். சத்தம் அடங்கியதும் முறுக்கு வெந்துவிட்டது என்று எடுக்கிறோம். தண்ணீர் போன மாவுச்சத்து கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும், அதனால் கடித்தால் நொறுங்குகிறது. மூடி திறந்து கிடந்தால் காற்றில் இருக்கும் ஈரம் அதற்குள் ஏறும். கொஞ்சம் தண்ணீர் போதும், மாவுச்சத்தின் நீளமான இழைகளுக்கு நடுவே அது புகுந்து அவற்றை வழுக்க விட்டுவிடும். நொறுங்க வேண்டியது வளைகிறது. மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருக்கிறது, தண்ணீரும் தண்ணீர்தான். புதிய பொருள் எதுவும் இல்லை. வாணலியில் லேசாகப் புரட்டினால் ஈரம் போய்ப் பழைய மொறுமொறுப்பு வந்துவிடும். இதில் மகள் சொன்னது முழுக்கச் சரி.

அதே டப்பாவை இறுக்கி மூடி இரண்டு மாதம் வையுங்கள். நமத்திருக்காது, மொறுமொறுப்பாகவே இருக்கும். ஆனால் திறந்ததும் ஒரு வாடை அடிக்கும், தொண்டையில் காறும். இது முற்றிலும் வேறு கதை. முறுக்கு குடித்த எண்ணெயை ஆக்சிஜன் தாக்கியிருக்கிறது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகளை ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் அணு சுலபமாகக் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டிய கையோடு பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அங்கேயும் ஆக்சிஜன் ஒட்டும். தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவுகிற மாதிரி. முதலில் பல நாள் ஒன்றுமே தெரியாது, அப்புறம் திடுமென்று வேகம் எடுக்கும். "போன வாரம்கூட நல்லாத்தானே இருந்துச்சு" என்று நாம் சொல்வது அதனால்தான். இப்படி உண்டாகும் பெராக்சைடுகள் பின்னால் உடைந்து ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகளாக மாறும். அந்த வாடை அவற்றுடையது. இரட்டைப் பிணைப்பு நிறைய உள்ள சூரியகாந்தி எண்ணெயில் இது சீக்கிரம் நடக்கும். கொழுப்பு அமிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் இரட்டைப் பிணைப்பே இல்லாத தேங்காய் எண்ணெயில் தாமதமாகும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கொஞ்சம் எண்ணெயை அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த திரவத்தில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சேர்த்து, ஒரு நிமிடம் இருட்டில் வைப்போம். புதிய எண்ணெய் என்றால் நிறமே மாறாது. சிக்கு ஏறத் தொடங்கிய எண்ணெய் என்றால் மஞ்சளாகும், ஏனென்றால் அதிலுள்ள பெராக்சைடு அயோடினை விடுவித்துவிட்டது. சொட்டு மாவுச்சத்துக் கரைசல் விட்டால் கருநீலம். தயோசல்ஃபேட்டைத் துளித்துளியாக விட்டு அந்த நீலம் மறையும் வரை எண்ணுவோம். நேற்றுவரை எண்ணெயில் இல்லாத ஒரு பொருள் இன்று இருக்கிறது, அது எவ்வளவு என்று எண்ணாகவே கையில் கிடைக்கிறது. வேதியியல் மாற்றம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. சிப்ஸ் பாக்கெட்டுகளில் காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புவது ஆக்சிஜனைத் தள்ளி வைப்பதற்காக. ஈரத்தைத் தடுப்பது பாக்கெட்டின் உறை. ஒரே பாக்கெட்டில் இரண்டு வகைக் கேட்டுக்கும் இரண்டு தனித்தனிக் காவல்.

இனி பால். இதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமும் உண்மையில் நடந்த மாற்றமும் இங்கே ஒன்றல்ல. இரவு ஃபிரிட்ஜுக்கு வெளியே மறந்து வைத்த பால், காலையில் பார்த்தால் வெள்ளையாக, நீர்த்த பாலாகத்தான் இருக்கும். அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடும். பார்க்கிறவர்கள் சூடுதான் பாலைக் கெடுத்தது என்று நினைப்பார்கள். பால் கெட்டது இரவில். பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருந்தன. ஒரு லாக்டோஸ் மூலக்கூறு, தண்ணீர் ஒன்றோடு சேர்ந்து, நான்கு லாக்டிக் அமில மூலக்கூறாகும். புளித்த பாலிலிருந்து அந்த அமிலத்தை 1780இல் ஸ்வீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தார். புளிப்பை அளக்கும் எண்ணான பிஎச், புளிப்பு கூடக்கூடக் குறையும். புதிய பாலின் பிஎச் 6.6க்குப் பக்கத்தில் இருக்கும். கேசின் புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக, ஒன்றை ஒன்று விலக்கும் எதிர்மின்னேற்றத்தோடு மிதக்கும். அமிலம் கூடக்கூட அந்த மின்னேற்றம் குறையும். பிஎச் 4.6 வரை இறங்கினால் சூடே இல்லாமல் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், அதுதான் தயிர். பாதி வழியில் நிற்கும் பாலோ குளிர்ச்சியாக இருக்கும்வரை தாக்குப்பிடித்து, சூடு பட்டதும் ஒட்டிவிடும். ஆக, நாம் பார்த்த திரிதல் ஏற்கெனவே இருந்த புரதம் ஒன்றோடொன்று ஒட்டியதுதான். அதை மட்டும் தனியே எடுத்தால் இயற்பியல் பக்கமே அதிகம் சாயும். அதற்குக் காரணமான வேதியியல் மாற்றம் யாரும் பார்க்காமல் இரவு முழுவதும் நடந்து முடிந்திருந்தது.

இங்கே இன்னொன்றும் தெரிகிறது. உறை மோர் ஊற்றித் தயிராக்குவதும் பால் தானாகப் புளித்துக் கெடுவதும் வேதியியலில் கிட்டத்தட்ட ஒரே வினை. எந்தக் கிருமி என்பதும் நாம் கேட்டு நடந்ததா கேட்காமல் நடந்ததா என்பதும்தான் வித்தியாசம். இட்லி மாவு பொங்குவதும் அதே வகை. லியூகோநோஸ்டாக் போன்ற கிருமிகள் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகின்றன, மாவு எழும்புகிறது. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, அதற்கும் மேல் புளித்தால் ஊத்தப்பம், அதையும் தாண்டினால் குப்பை. வினை ஒன்றுதான், எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறோம் என்பது நம் நாக்கின் முடிவு. எனவே வேதியியல் மாற்றம் நடந்தாலே உணவு கெட்டது என்று ஆகாது. வாழைக்காய் பழமாவது மாவுச்சத்து சர்க்கரையாகும் வேதியியல் மாற்றம், அதற்காகத்தானே காத்திருக்கிறோம்!

"கிருமி செய்கிறது என்றால் அது உயிரியல் மாற்றம் இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் பெரிய விஞ்ஞானிகளே இதில் தடுமாறினார்கள். பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, நீரில் கொதிக்கவைத்துப் பாதுகாக்கும் முறையை 1810இல் புத்தகமாக வெளியிட்டார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கே-லுசாக் என்ற வேதியியலாளர் அந்தப் புட்டிகளைச் சோதித்து, உள்ளே ஆக்சிஜன் இல்லை, அதனால்தான் கெடவில்லை என்றார். பின்னால் பாஸ்டர் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த குழாயுள்ள குடுவையில் சர்க்கரை சேர்த்த ஈஸ்ட் சாற்றைக் கொதிக்கவைத்து வைத்தார். காற்று தாராளமாக உள்ளே போனது, தூசி மட்டும் வளைவில் தங்கிவிட்டது. சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டது. காற்று காரணமல்ல, காற்றோடு வரும் உயிர்தான் காரணம் என்று 1860களின் தொடக்கத்தில் தெளிவானது. மாற்றத்தைச் செய்வது உயிர், செய்யப்படுவது வேதியியல். சமையல்காரர் யார் என்பதும் சட்டியில் என்ன ஆனது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். ஊசிப்போன வடையைப் பிய்த்தால் நூல் நூலாக வருமே, அதுவும் இப்படித்தான். பேசில்லஸ் இனக் கிருமிகள் உண்டாக்கும் பிசுபிசுப்பான நீண்ட மூலக்கூறுகள் அவை. உளுந்து அரைத்தபோது அந்த நூல் கிடையாது.

சரி, ஈரம் ஏறாமல், கிருமியும் தொடாமல் ஒரு பண்டம் வீணாகுமா? ஆகும். ஃபிரிட்ஜில் வைத்த இட்லி மறுநாள் கட்டியாகிவிடுகிறது. காய்ந்துவிட்டது என்கிறோம். ஆனால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாலும் கட்டியாகும். பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852இலேயே ரொட்டியில் இதைக் காட்டினார். ஈரம் போகவே வழியில்லாமல் அடைத்து வைத்த ரொட்டியும் பழசாகி விறைத்தது, 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மறுபடி மென்மையானது. வேகும்போது அவிழ்ந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்ட மாவுச்சத்து இழைகள், குளிர்ந்ததும் ஒன்றோடொன்று அணிவகுத்து இறுகுகின்றன. இழைகள் அப்படியே இருக்கின்றன, அடுக்கு மட்டும் மாறியிருக்கிறது. ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தால் இட்லி மீண்டும் பஞ்சாகும். தேன் அடியில் சர்க்கரை மாதிரி உறைவதும் இதே கணக்குதான். அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாகிறது, வெந்நீரில் புட்டியை வைத்தால் கரைந்துவிடும். அதைக் கலப்படம் என்று நினைத்து எத்தனையோ பேர் நல்ல தேனைக் கொட்டியிருக்கிறார்கள், கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆனால் நிஜ வாழ்க்கையில் இந்த இரண்டும் கைகோத்தே வருகின்றன. இயற்பியல் மாற்றம் கதவைத் திறந்துவிடும், வேதியியல் உள்ளே நுழையும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கம்பு. கம்பு மணியாக இருக்கும்வரை மாதக்கணக்கில் கெடாது. அரைத்து மாவாக வைத்தால் சில நாட்களிலேயே கசப்பும் வாடையும் வந்துவிடும். அரைப்பது வெறும் இயற்பியல் மாற்றம், மணி தூளானது அவ்வளவுதான். ஆனால் கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு உண்டு, அதைப் பிளக்கும் லிப்பேஸ் என்ற நொதியும் உண்டு. மணிக்குள் தனித்தனி அறையில் இருந்த இரண்டும் அரைத்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கூடவே காற்றும் சேர்கிறது. கம்பை வறுத்து அரைத்தால் மாவு கூடுதல் நாள் தாங்கும், ஏனென்றால் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். நம் பாட்டிகள் அவ்வப்போது வேண்டிய அளவுக்கு மட்டும் இடித்துக்கொண்டதில் எவ்வளவு விவரம் இருக்கிறது பாருங்கள். வாழைப்பூவை நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுவதும் இதே காரணத்துக்காக. கத்தி செல்லை உடைக்கிறது, உள்ளிருந்த பீனால் பொருட்களும் நொதியும் ஆக்சிஜனும் சந்திக்கின்றன, கறுக்கிறது. மோரின் புளிப்பு நொதியைத் தடுக்கிறது, தண்ணீர் காற்றைத் தடுக்கிறது.

ஃப்ரீசரில் வைத்த மத்தி மீனும் அப்படியே. மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும், உருகியதும் நீர் வடிந்து சதை தொளதொளவென்றாகும். இது இயற்பியல். கிருமிகள் அந்தக் குளிரில் பெருகாது. ஆனால் மத்தியின் எண்ணெயை ஆக்சிஜன் அங்கேயும் மெல்ல மெல்லத் தாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் எண்ணெய்ச் சத்துள்ள மீன் ஃப்ரீசரிலும் மாதக்கணக்கில் நல்லபடி இருக்காது.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பீர்கள், மிதந்தால் பழசு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அந்த இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. பருமன் அதேதான், எடை குறைந்தது, மிதக்கிறது. நீங்கள் அளப்பது ஒரு இயற்பியல் மாற்றத்தை. அழுகிய முட்டையின் அந்த நாற்றமோ புரதத்திலிருந்த கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறியது. மிதக்கிற முட்டை எல்லாம் அழுகியதில்லை. உடைத்து முகர்ந்தால்தான் தெரியும்.

புத்தகத்தைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல், முடியாவிட்டால் வேதியியல் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அது ஓரளவுக்குத்தான் உதவும். அரைத்த கம்பை மறுபடி மணியாக்க முடியாது, ஆனாலும் அரைப்பது இயற்பியல் மாற்றமே. கிழிந்த மீன் செல்லும் ஒட்டாது. புதுப் பொருள் உண்டா என்ற கேள்வி ஒன்றையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தப் பிரிவினை தேர்வோடு முடிகிற விஷயம் இல்லை. "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ரொம்ப ஆழமாக இருக்கிறது. நமத்ததற்கும் விறைத்ததற்கும் அது உண்மை. கிருமி ஒரு நச்சுப் பொருளை உண்டாக்கிவிட்ட பிறகு அது உண்மை இல்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் இருக்கும், சோறு வேகும் சூட்டிலும் அவை சாகாது. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் சில வகைகள் உண்டாக்கும் செரியூலைடு என்ற நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. குக்கரே அந்தச் சூட்டுக்குமேல் போகாது. கிருமியைக் கொன்றுவிடலாம், அது விட்டுச்சென்ற பொருள் அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. மோசமான விஷயம், இந்த நஞ்சுக்கு வாடையோ ருசியோ கிடையாது. மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும்.

வேர்க்கடலையும் அப்படித்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்ற நஞ்சுதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். சாதாரண வறுப்பிலோ வேகவைப்பதிலோ அது முழுதாகப் போகாது. பறித்த கடலையை உடனே நன்றாகக் காயவைப்பதுதான் முதல் வழி. ஈரத்தை எடுக்கும் ஒரு இயற்பியல் மாற்றத்தால், வரவிருந்த வேதியியல் மாற்றத்தை நிறுத்துகிறோம். வற்றல், கருவாடு, உப்புப் போட்ட ஊறுகாய், பாகு எல்லாமே இந்த ஒரே யோசனையின் வடிவங்கள். உப்பும் சர்க்கரையும் தண்ணீரைத் தம் பக்கம் பிடித்துவைத்துக்கொள்ளும், கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது.

தேர்வில் மகள் இப்படி எழுதலாம்: உணவு கெடும்போது அமிலங்கள், வாயுக்கள், துர்நாற்றமுள்ள பொருட்கள் எனப் புதிய பொருட்கள் உண்டாவதால் அது வேதியியல் மாற்றம். ஈரம் ஏறி நமத்துப்போவது போன்றவை மட்டும் இயற்பியல் மாற்றம். இரண்டாவது வரிக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் கிராம் காட்டும் தராசு இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். நமத்த முறுக்கு பத்துப் பதினைந்தை எடைபோட்டு எழுதிக்கொள்ளட்டும். வெறும் வாணலியில் குறைந்த தீயில் சில நிமிடம் புரட்டி, ஆறியதும் மறுபடி எடைபோடட்டும். சில கிராம் குறைந்திருக்கும், கடித்தால் நொறுங்கும். குறைந்த அந்தச் சில கிராமும் காற்றிலிருந்து ஏறிய தண்ணீர். அதன்பிறகு டப்பாவின் அடியில் கிடக்கும் பழைய முறுக்கு ஒன்றையும் அதேபோலப் புரட்டி முகர்ந்து பார்க்கட்டும். நொறுங்கத்தான் செய்யும். சிக்கு வாடை இருந்திருந்தால் அது அங்கேயே இருக்கும்.